ஆசிரியர் சங்கம் கைகாட்டும் வேட்பாளர்: சிகாகோ பள்ளி வாரியத் தேர்தலில் நாம் என்ன செய்வது?

வடக்குச்சிகாகோ எழுதியது:

வணக்கம். சிகாகோ நகர எல்லைக்குள் குடியிருக்கும் நம் ஆட்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். புறநகர்க்காரர்களும் தாராளமாக வந்து பேசலாம்.

2026 நவம்பரில், நகரத்தின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் சிகாகோ பள்ளி வாரியத்தின் 21 இடங்களுக்கும் தேர்தல். வாரியத் தலைவரைக்கூட ஊர் முழுக்கச் சேர்ந்து தேர்ந்தெடுக்கப் போகிறோம். 1995-லிருந்து வாரியம் முழுக்க மேயரின் கையில் இருந்தது. அவர் பார்த்து உட்கார வைத்தவர்தான் உறுப்பினர். 2024 நவம்பரில் அது பாதி மாறியது: 10 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், தலைவரையும் சேர்த்து 11 பேரை மேயர் நியமித்தார். 2027 ஜனவரியில்தான் முழுக்க முழுக்க மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் உட்காரும்.

குடியுரிமை கிடைத்தபின் 2024-ல்தான் நான் முதன்முதலாக ஓட்டுப் போட்டேன். அந்த அக்டோபரில் தபால் பெட்டியைத் திறந்தால் வழவழ அட்டைகள் குவிந்திருக்கும். ஒன்றில் 'ஆசிரியர்கள் நம்பும் வேட்பாளர்' என்று ஒருவர் படம். அடுத்த அட்டையில் அதே ஆள் சங்கத்தின் கைப்பாவை என்று திட்டு. இரண்டிலும் என் பிள்ளையின் பள்ளியில் என்ன மாறும் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

சிகாகோ ஆசிரியர் சங்கத்தில் 25,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். சம்பளம், வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் அவர்கள் ஒப்பந்தம் போடுவது இந்த வாரியத்தோடுதான். அப்படியிருக்க, அந்த வாரியத்துக்கே ஆள் நிறுத்தி, செலவு செய்து, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது சரியா? அவர்கள் ஆதரிப்பதில் தப்பில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆதரவு எப்படி முடிவாகிறது, காசு எங்கிருந்து வருகிறது, ஜெயித்தவர் பிறகு யாருக்குக் கட்டுப்பட்டவர், இந்த மூன்றும் தெரியாமல் அவர்கள் கைகாட்டியவருக்குக் குத்திவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மதுரைவீதி எழுதியது:

ஊரிலிருந்து படிக்கிறவனுக்கு இது பெரிய ஆச்சரியம். எங்கள் வீட்டில் இரண்டு பேர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். தேர்தல் வந்தால் அவர்கள்தான் வாக்குச்சாவடி அதிகாரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் நாளே போய்ப் பள்ளிக்கூடத்தில் படுத்து எழுந்து, விடிந்ததும் விரலில் மை வைப்பவர்கள். அவர்கள் ஒரு வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டால் 1973 நடத்தை விதிகளின்படி நடவடிக்கை வரும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சட்ட மேலவை இருந்த காலத்தில் ஆசிரியர்களுக்கென்றே தனித் தொகுதி இருந்தது, பன்னிரண்டில் ஒரு பங்கு இடம். 1986-ல் மேலவையோடு அதுவும் போயிற்று. அப்புறம் 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்குத் தமிழ்நாட்டில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, இருந்தாலும் ஆசிரியர் வீடுகளில் அந்தக் கோபம் எவ்வளவு இருந்தது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். மேடையில் ஏறி ஆதரவு சொல்ல வழியில்லாவிட்டாலும் வீட்டுக்குள் பேசாமலா இருப்பார்கள்? வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்வது மேலோ என்றுகூடத் தோன்றுகிறது.

---

ஆறாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

நான் சிகாகோ அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், சங்க உறுப்பினர். எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை, மன்னிக்கவும்.

வடக்குச்சிகாகோ, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் எங்கள் பக்கத்து வரலாறு தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. 1995 சட்டம் வாரியத்தை மேயரிடம் கொடுத்ததோடு நிற்கவில்லை. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பது போன்ற விஷயங்களை வாரியம் இஷ்டப்பட்டால்தான் பேச்சுவார்த்தைக்கே எடுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. 2021-ல் அந்தத் தடையை நீக்கியது, மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் சட்டமன்றம் போட்ட இன்னொரு சட்டம். அதே ஆண்டு ஜூலையில்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்துக்கான சட்டத்திலும் ஆளுநர் பிரிட்ஸ்கர் கையெழுத்துப் போட்டார். இரண்டுமே பேச்சுவார்த்தை மேசையில் கிடைத்தவை இல்லை, தேர்தல் வேலையால் கிடைத்தவை.

2013 மே மாதம் ஒரே கூட்டத்தில் சுமார் 50 பள்ளிகளை மூட ஓட்டெடுத்தார்கள். பெரும்பாலும் தெற்கிலும் மேற்கிலும், கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகள். அப்போதைய மேயர் ராம் இமானுவேல் நியமித்த வாரியம் அது. பெற்றோர் அழுதார்கள், கத்தினார்கள், மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடம் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பெற்றோரின் ஓட்டு தேவைப்படவில்லை. அதைப் பார்த்த பிறகு 'ஆசிரியர்களுக்கு அரசியல் எதற்கு' என்று யாராவது கேட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எங்கள் பள்ளியில் நர்ஸ் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வந்த காலம் உண்டு. மற்ற நாட்களில் ஆஸ்துமா வந்த பிள்ளைக்கு இன்ஹேலரை எடுத்துக் கொடுப்பது அலுவலக எழுத்தர். நூலக அறைக்குப் பூட்டுப் போட்டிருக்கும், தேர்வு நாட்களில் மட்டும் திறப்பார்கள். 2019 அக்டோபரில் பதினொரு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நர்ஸ், ஒரு சமூகப் பணியாளர் என்று எழுத்தில் வந்தது.

---

வரிக்கணக்கு எழுதியது:

டீச்சர் மேடம், நீங்கள் சொன்ன 2013 எனக்கும் வலிக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2023 ஏப்ரல் 4, மேயர் தேர்தலின் மறுசுற்றில் பிராண்டன் ஜான்சன் ஜெயித்தார். பள்ளி ஆசிரியராக இருந்து 2011-லிருந்து உங்கள் சங்கத்தின் அமைப்பாளர். எதிரே நின்றவர் பால் வல்லாஸ், 1995-ல் மேயர் கட்டுப்பாடு வந்தபோது முதலில் பள்ளித் துறையை நடத்தியவர். அவருக்குக் காவலர் சங்கம் ஆதரவு, ஜான்சனுக்கு ஆசிரியர் சங்கம். ஏறக்குறைய 52-க்கு 48.

2024-ல் ஒப்பந்தம் முடிந்து புதுப் பேச்சுவார்த்தை வந்தது. மேசைக்கு ஒரு பக்கம் சங்கம். மறுபக்கம் யார்? சங்கம் உருவாக்கிய மேயரும் அவர் நியமித்த வாரியமும். ஓய்வூதியச் செலவுக்கும் புது ஒப்பந்தத்துக்கும் 30 கோடி டாலர் குறுகிய காலக் கடன் வாங்கு என்று மேயர் தரப்பு நெருக்கியது. தலைமை நிர்வாகி பெட்ரோ மார்டினெஸ் மறுத்தார். 2024 அக்டோபரில் வாரியத்தின் ஏழு பேரும் ஒட்டுமொத்தமாக விலகுவதாக அறிவித்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை நியமித்தவரும் ஜான்சன்தான்! புதிதாக வந்தவர்கள் டிசம்பர் 20-ல் மார்டினெஸை நீக்கினார்கள். பேச்சுவார்த்தையில் அவருக்குக் குறுக்கே நிற்காதே என்று வாரியத்துக்கு நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது.

நான் வீட்டு வரி கட்டுகிறவன். பள்ளித் துறையின் வரவில் பெரிய பங்கு வீட்டு வரி. அந்த மேசையில் எனக்காக உட்கார்ந்திருந்தவர் யார் என்று சொல்லுங்கள். இதில் சங்கத்தைத் திட்ட எனக்கு ஆசையில்லை. கொடுக்கிறவரையும் வாங்குகிறவரையும் ஒரே கூட்டம் தேர்ந்தெடுத்தால் பேரம் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

---

பழையதாள் எழுதியது:

இந்தச் சண்டை 2023-ல் பிறந்ததில்லை. நூற்றிருபது வருடமாக இதே ஊரில், ஏறக்குறைய இதே வடிவத்தில் நடக்கிறது.

1897-ல் சிகாகோவின் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். அதன் முகம் மார்கரெட் ஹேலி, ஆறாம் வகுப்பு ஆசிரியை. சம்பள உயர்வு தருவதாகச் சொல்லிவிட்டு, பணமில்லை என்று வாரியம் கைவிரித்தது. ஹேலி வரிப் பதிவேடுகளைப் புரட்டினார். டிராம், எரிவாயு, மின்சாரக் கம்பெனிகள் நகரத்தின் தெருக்களைப் பயன்படுத்தும் உரிமைக்கு வரியே கட்டவில்லை என்று கண்டுபிடித்தார். வழக்குப் போட்டார்கள், மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1901-ல் ஜெயித்தார்கள்.

வந்த பணத்தை வாரியம் என்ன செய்தது? நிலக்கரிக்கும் கட்டடப் பழுதுக்கும் எடுத்துக்கொண்டது. ஆசிரியைகள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். 1904-ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன நீதிபதி எட்வர்ட் டன். மறுவருடம் அவர் மேயர் தேர்தலில் நிற்கிறார், ஆசிரியைகளின் கூட்டமைப்பு அவருக்காக ஊர் முழுக்க வேலை செய்கிறது, அவர் ஜெயிக்கிறார். அப்போது அந்தப் பெண்களுக்கு மேயர் தேர்தலில் ஓட்டே கிடையாது. இல்லினாயில் பெண்களுக்கு நகரத் தேர்தல் ஓட்டு வந்தது 1913-ல். ஓட்டில்லாதவர்கள் ஒரு மேயரை உருவாக்கினார்கள்! டன் பள்ளி வாரியத்துக்கு நியமித்தவர்களில் சமூகச் சீர்திருத்தவாதி ஜேன் ஆடம்ஸும் ஒருவர்.

வரிக்கணக்கு அண்ணன் கேட்கிற கேள்வியை அன்றைய பத்திரிகைகளும் கேட்டன. டன் 1907-ல் தோற்றார். 1915-ல் வாரியம் ஆசிரியர்கள் தொழிற்சங்கத்தில் சேரவே கூடாது என்று லோப் விதியைக் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் அரசியலில் ஏறும்போதெல்லாம் மறுபக்கமும் ஏறியிருக்கிறது. அந்த வரிப் பதிவேடுகளை ஹேலி புரட்டாமல் இருந்திருந்தால் அந்தக் கம்பெனிகளிடமிருந்து வரி வந்தே இருக்காது, இதையும் மறக்க வேண்டாம்.

---

நேப்பர்வில்_அப்பா எழுதியது:

இங்கே நேப்பர்வில் புறநகரில் நம் மக்கள் பெரும்பாலும் 203, 204 என்ற இரண்டு பள்ளி மாவட்டங்களில் இருக்கிறோம். வாரியத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஏப்ரலில் வரும். கட்சி கிடையாது, ஆரவாரமும் கிடையாது. கல்லூரிச் சேர்க்கை, கணித முன்னேற்ற வகுப்பு என்று மணிக்கணக்காகப் பேசுகிற நம் வாட்ஸாப் குழுக்களில், அன்றைக்கு ஓட்டுச்சாவடிக்குப் போனவர் யார் என்று கேட்டால் சத்தமே இருக்காது. ஓட்டு குறைவாகப் பதிவாகும் தேர்தலில் சங்கத்தின் ஆதரவு எடை கூடித்தான் தெரியும். அதற்குச் சங்கத்தைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் போகவில்லை, அவர்கள் போனார்கள்.

---

மேரிலாந்து_மல்லி எழுதியது:

எங்கள் மான்ட்கமரி கவுன்ட்டியில் இதற்கு ஆப்பிள் பேலட் என்று பெயர். ஆசிரியர் சங்கம் ஆதரிக்கும் வேட்பாளர்களின் பட்டியலை ஆப்பிள் வடிவத்தில் அச்சடித்து, வாக்குச்சாவடிக்கு வெளியே ஆசிரியர்களே நின்று கையில் கொடுப்பார்கள். நம் பிள்ளையின் டீச்சரே சிரித்த முகத்தோடு நீட்டும்போது வாங்காமல் இருக்க முடியுமா? பள்ளி வாரியம் மட்டுமில்லை, கவுன்ட்டி கவுன்சில் வரைக்கும் அதில் பெயர் இருக்கும்.

முதலில் நான் அதை அப்படியே பார்த்து ஓட்டுப் போட்டேன். இப்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத வேட்பாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படிக்கிறேன். ஆசிரியர்கள் ஒருவரைத் தள்ளிவிட்டால் அதற்கும் காரணம் இருக்குமல்லவா? அந்தக் காரணம் எனக்கும் காரணமா என்று பார்க்கிறேன். சில தடவை ஆமாம், சில தடவை இல்லை.

---

வரிக்கணக்கு எழுதியது:

வேட்பாளரை விடுங்கள், பொதுவாக்கெடுப்புக்கு வருவோம். 2024 மார்ச் 19-ல் 'பிரிங் சிகாகோ ஹோம்' என்று ஒரு கேள்வி வந்தது. 10 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் சொத்துக்குக் கைமாற்று வரியை ஏற்றி, வீடில்லாதவர்களுக்குச் செலவிடுவது. அதற்குக் குறைவான வீடுகளுக்கு வரி கொஞ்சம் இறங்கும். ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் வரும் என்றார்கள். ஆசிரியர் சங்கம் இதற்கு ஆளும் பணமும் இறக்கியது.

வீட்டு வரி, கைமாற்று வரி எல்லாம் பள்ளிக்கூட விவகாரமா? மேயர் தேர்தலில் ஜெயித்த தெம்பில் எல்லாவற்றிலும் இறங்கினார்கள். மக்கள் தோற்கடித்தார்கள். அந்த வரித் தொகையை எந்தத் திட்டத்துக்கு, எப்படிச் செலவழிப்பார்கள் என்பது வாக்குச்சீட்டில் தெளிவாக இல்லை. நானும் 'வேண்டாம்' என்றுதான் குத்தினேன்.

---

ஆறாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

சார், பள்ளிக்கூட விவகாரமேதான். சிகாகோ அரசுப் பள்ளிகளில் நிலையான வீடில்லாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சித்தி வீட்டு சோஃபாவில், காப்பகத்தில், சில நாள் காரில். என் வகுப்பில் ஒரு பெண் திங்கட்கிழமைகளில் மட்டும் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். வார இறுதிகளில் அவளும் அம்மாவும் எங்கே தங்கினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பின்னப் பெருக்கலை அவளுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும், ராத்திரி படுக்க இடமிருந்தால்தான் அது மண்டையில் ஏறும். அதனால்தான் 2019 ஒப்பந்தப் பேச்சிலேயே வீட்டு வசதியைக் கோரிக்கையாக வைத்தோம். 'இது உங்கள் வேலை இல்லை' என்றார்கள்.

தோற்றோம், உண்மை. நகரத்தில் பதிவு செய்த வாக்காளரில் நாலில் ஒருவர்தான் அன்றைக்கு ஓட்டுப் போட்டார்கள். ரியல் எஸ்டேட் தரப்பு நீதிமன்றம் போனது, கேள்வியே செல்லாது என்று ஒரு தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டில் அது மாறியது. அந்தக் குழப்பத்தில் பாதிப் பேருக்குத் தங்கள் ஓட்டு எண்ணப்படுமா என்றே தெரியவில்லை. ஆனால் பணம் எங்கே போகும் என்று நீங்கள் சந்தேகப்பட்டதை நான் தள்ளிவிட மாட்டேன். வீடு வீடாகப் போனபோது எங்களிடமும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஜெயித்ததையும் சொல்லுங்கள். 2015 பிப்ரவரியில் 50 வார்டுகளில் 37-ல், பள்ளி வாரியத்தை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று கேட்டோம். சட்டப்படி கட்டுப்படுத்தாத கேள்விதான். ஏறக்குறைய 90 சதவீதம் ஆமாம் என்றார்கள். இந்த இழையே அதன் பலன்.

---

புதுசாவந்தவள் எழுதியது:

எல்லாரும் ஓட்டு ஓட்டு என்கிறீர்கள். நாங்கள் எச்-1பி. கிரீன் கார்டு எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். என் மகன் மூன்றாவது படிக்கிறான். எங்களைப் போன்றவர்கள் இதில் செய்ய ஏதாவது உண்டா, வேடிக்கை பார்ப்பது மட்டும்தானா?

---

பழையதாள் எழுதியது:

தங்கச்சி, உங்களுக்கு ஓட்டு உண்டு. வாரியத் தேர்தலில் இல்லை, ஆனால் உங்கள் மகனின் பள்ளியிலேயே உண்டு.

1988 பள்ளிச் சீர்திருத்தச் சட்டம் சிகாகோவில் பள்ளிக்கொரு உள்ளூர்ப் பள்ளிக் குழுவை உண்டாக்கியது. எல்.எஸ்.சி. என்பார்கள். பெற்றோர் ஆறு பேர், சுற்றுவட்டாரத்தினர் இருவர், ஆசிரியர்கள் இருவர், ஆசிரியரல்லாத ஊழியர் ஒருவர், தலைமையாசிரியர். உயர்நிலைப் பள்ளியில் மாணவரும் உண்டு. தலைமையாசிரியரைத் தேர்வு செய்வது, நாலு வருட ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பது, பள்ளியின் விருப்பச் செலவுத் திட்டத்தை ஒப்புக்கொள்வது எல்லாம் இவர்கள் கையில். இதில் பெற்றோர் ஓட்டுப் போடவோ நிற்கவோ குடியுரிமை கேட்பதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இரட்டைப்படை ஆண்டின் வசந்த காலத்தில் நடக்கும். சில பள்ளிகளில் ஆறு பெற்றோர் இடத்துக்கு ஆறு பேர்கூட முன்வருவதில்லை. எந்த விசாவில் இருந்தாலும் போய் நில்லுங்கள்.

---

புதுசாவந்தவள் எழுதியது:

அண்ணா, இதை யாரும் எங்களுக்குச் சொன்னதே இல்லை! நாளைக்கே பள்ளி அலுவலகத்தில் கேட்கிறேன். ரொம்ப நன்றி.

---

வடக்குச்சிகாகோ எழுதியது:

நிறைய தெளிந்தது. ஒரு பக்கத்தை மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியதால் 2024-ல் செலவு செய்த மறுபக்கத்தையும் பார்த்தேன். சார்ட்டர் பள்ளிகளின் (அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகள்) கூட்டமைப்பின் அரசியல் கிளையும் அர்பன் சென்டர் என்ற அமைப்பும் பல மில்லியன் டாலர் இறக்கியிருக்கின்றன. அவற்றுக்குக் கொடுத்தவர்களில் பெரும் பணக்காரர்களும் உண்டு. பள்ளி நடத்துகிற சார்ட்டர்களுக்கும் அதே வாரியம்தான் அனுமதி கொடுக்கிறது, புதுப்பிக்கிறது. முதலாளியைத் தேர்ந்தெடுப்பது தப்பு என்றால் உரிமம் கொடுப்பவரைத் தேர்ந்தெடுப்பதும் அதே தப்புத்தானே?

முடிவைப் பாருங்கள். 10 இடத்தில் சங்கம் ஆதரித்தவர்கள் நாலு, சார்ட்டர் தரப்பு ஆதரித்தவர்கள் மூன்று, இரண்டு பக்கமும் சேராதவர்கள் மூன்று. டயெட் உயர்நிலைப் பள்ளியைக் காப்பாற்ற 2015-ல் 34 நாள் நடந்த உண்ணாவிரதத்தை முன்னின்று நடத்திய ஜிட்டு பிரவுன் சங்கத்தின் ஆதரவோடு வந்தவர். பாடகர் ரைம்ஃபெஸ்ட் என்கிற சே ஸ்மித் தனித்து நின்று ஜெயித்தார். அட்டைகள் குவிந்த அளவுக்கு மக்கள் அட்டைகளுக்குக் கட்டுப்படவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. சங்கம் ஆதரித்த அனுஷா தோட்டகுரா 6-ஆம் மாவட்டத்தில் தோற்றார். பிறகு மேயர் அவரையே நியமன இடத்தில் உட்கார வைத்தார். அவர் திறமை மேல் எனக்குச் சந்தேகமில்லை, ஆசிரியராக இருந்தவர், இந்திய வேர் உள்ளவர் என்பதில் சந்தோஷமும் உண்டு. என்றாலும் மக்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு பின்வாசல் வழியாக வருவது சரியாகப் படவில்லை.

---

வரிக்கணக்கு எழுதியது:

கடைசிப் பத்திக்கு நூறு தடவை ஆமாம்.

காசு விஷயத்தில் இன்னொன்று. 2023-ல் மாதச் சந்தாவிலிருந்து உறுப்பினருக்கு 8 டாலர் வீதம் அரசியல் நிதிக்குத் திருப்ப சங்கத்தின் பிரதிநிதிகள் அவை முடிவெடுத்தது. உறுப்பினர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். வருடாந்தரத் தணிக்கை அறிக்கையைக் கொடு என்று 2024-ல் உறுப்பினர்கள் சிலர் வழக்கே போட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2018 ஜானஸ் தீர்ப்புக்குப் பிறகு, அதுவும் இல்லினாய் ஊழியர் ஒருவர் போட்ட வழக்குத்தான், உறுப்பினராகாதவரிடம் சங்கம் காசு பிடிக்க முடியாது. சரி. ஆனால் உறுப்பினராக இருந்துகொண்டே வல்லாஸுக்கு ஓட்டுப் போட்ட ஆசிரியரின் சந்தா ஜான்சனுக்குப் போனதே, அதற்கு என்ன சொல்வீர்கள் மேடம்?

---

ஆறாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

நேரடியாகச் சொல்கிறேன். தணிக்கை அறிக்கையை உறுப்பினர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கேட்டவர் யார், அவர் பின்னால் எந்த வக்கீல் என்று பார்க்கக் கூடாது. எங்கள் பள்ளிப் பிரதிநிதியிடம் இதை நான் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

ஆதரவு எப்படி முடிவாகிறது என்று இழையின் தொடக்கத்தில் கேட்டீர்கள். வேட்பாளருக்குக் கேள்விப் பட்டியல் போகும், நேர்காணல் நடக்கும், நிர்வாகத்தின் பரிந்துரை பள்ளிப் பிரதிநிதிகள் அவைக்கு வரும், அங்கே ஓட்டெடுப்பு. ஒவ்வொரு பள்ளியும் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள் அவர்கள். அது போதாதென்று நினைக்கும் சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பெரிய பதவிகளுக்கு உறுப்பினர் அனைவரிடமும் நேரடியாகக் கேட்டால் நல்லது என்பது என் சொந்தக் கருத்தும்கூட. ஆனால் தலைமை பிடிக்காவிட்டால் மாற்ற எங்களுக்கு வழி இருக்கிறது. 2010-ல் கேரன் லூயிஸ் அணி பழைய தலைமையைத் தோற்கடித்துத்தான் வந்தது. அதே அணி 2025-லும் போட்டியைச் சந்தித்து ஜெயித்தது. எங்கள் வாரியத்தை மாற்ற ஊருக்கு அந்த வழி 2024 வரை இருந்ததே இல்லை.

மேசையின் இரண்டு பக்கமும் ஒரே ஆட்கள் என்றீர்களே. 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் வந்தது, நாலு வருடத்துக்கு. வேலைநிறுத்தம் இல்லை. பள்ளி நூலகர்கள் எண்ணிக்கை கூட வேண்டும், தயாரிப்பு நேரம் கூட வேண்டும், சின்ன வகுப்புகள் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நண்பர் மேயராக இருந்தும் அதற்கு ஒரு வருடம் இழுத்தது.

---

பழையதாள் எழுதியது:

ஜெயித்தவர் பிறகு யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்விக்கு ஒரு ஓட்டெடுப்பே பதில் சொல்கிறது. 2025 ஆகஸ்ட் 28, பட்ஜெட் கூட்டம். பள்ளித் துறைக்கு 73 கோடியே 40 லட்சம் டாலர் பற்றாக்குறை. மேயருக்குக் கடன் வாங்கி ஓய்வூதியப் பாக்கியைக் கட்ட விருப்பம். நிர்வாகம் கொண்டுவந்த பட்ஜெட்டில் அந்தக் கடன் இல்லை. வாரியம் 12-க்கு 7 என்று நிர்வாகத்தின் பட்ஜெட்டை ஏற்றது.

கூட்டிப் பாருங்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் மொத்தமே 10 பேர். அத்தனை பேரும் ஒரே பக்கம் குத்தியிருந்தால்கூட 12 வராது. ஆக மேயர் தன் கையால் நியமித்தவர்களிலேயே குறைந்தது இருவர் அவர் விருப்பத்துக்கு எதிராகக் கை தூக்கியிருக்கிறார்கள். கூட்டம் எல்லார் கண் முன்னும் நடக்கிறது, அடுத்த தேர்தலில் நிற்க நினைப்பவர்கள் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள், எதிரே பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். 2013-ல் அந்த மைக்குக்கு இல்லாத பலம் இப்போது வந்திருக்கிறது.

---

வரிக்கணக்கு எழுதியது:

இந்தக் கணக்கை நான் ஒத்துக்கொள்கிறேன். பாதி தேர்ந்தெடுத்த வாரியமே இப்படி நடந்துகொண்டது நல்ல அறிகுறி. இருந்தாலும் 21 பேரும் ஒரே ஆதரவில் வந்துவிட்டால் என் பழைய பயம் திரும்ப வரும். என் மாவட்டத்தில் சங்கம் ஆதரிப்பவரையும் சார்ட்டர் பணம் ஆதரிப்பவரையும் நான் ஒரே மாதிரிதான் விசாரிப்பேன்.

---

வடக்குச்சிகாகோ எழுதியது:

அப்படியானால் எதைக் கேட்பது என்று முடிவு செய்வோம். என் மாவட்ட வேட்பாளர்கள் கூட்டம் போடும்போது நான் கேட்கப் போவது இது: உங்களை ஆதரித்த அமைப்பு, அது சங்கமோ சார்ட்டரோ, கேட்டு நீங்கள் முடியாது என்று சொன்ன ஒன்றைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் என் ஓட்டு வேறு ஆளுக்கு. அடுத்த கேள்வி, பற்றாக்குறை இருக்கும்போது எதை வெட்ட மாட்டீர்கள், அதற்குப் பதிலாக எதை வெட்டுவீர்கள் என்பது. 'ஸ்பிரிங்ஃபீல்டிடம் பணம் கேட்போம்' என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன், எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்.

டீச்சர், சங்கம் வேட்பாளர்களுக்கு அனுப்பும் கேள்விப் பட்டியலும் அவர்கள் எழுதிய பதில்களும் வெளியே கிடைத்தால் இங்கே போட முடியுமா? சார்ட்டர் தரப்பின் கேள்விகளை நான் கேட்டு வாங்கப் பார்க்கிறேன். இரண்டையும் தமிழில் சுருக்கி எழுதி, தேர்தலுக்கு முன்னால் நம் கோயில் அறிவிப்புப் பலகையிலும் தமிழ்ப் பள்ளியிலும் ஒட்டலாம்.

---

ஆறாம்வகுப்பு_டீச்சர் எழுதியது:

பிரதிநிதிகள் கூட்டத்தில் கேட்கிறேன். பொதுவில் வைத்தவை எதுவானாலும் இங்கே போடுகிறேன். தமிழ்ச் சுருக்கத்தை வரிக்கணக்கு சாரும் நானும் சேர்ந்து சரிபார்த்தால் யாரும் ஒருதலையாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. சம்மதமா சார்?

---

வரிக்கணக்கு எழுதியது:

சம்மதம் மேடம். ஓய்வூதியக் கணக்குப் பகுதியை நான் எழுதுகிறேன்.